மாவு மில் மாடியின் நடத்தை விதிகள்

கோவில்பட்டியில் புத்திசாலிகளுக்குக் குறைவே கிடையாது. ஆனால் சந்தைக்குப் பின்னால் இருக்கும் மாவு மில்லின் மாடிப்படியில் ஏறிய புத்திசாலி ஒரே ஒருத்தர்தான். அவரும் ஒரு நாள் கோபித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அதற்கப்புறம் மாடியில் நடந்ததைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

மாடியில் ஒரே அறை. அதில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி, கீழே மில்லிலிருந்து ஏறி வந்து எல்லாவற்றின் மேலும் படியும் கோதுமை மாவு. அந்த மாவுக்குள் நான்கு பேர் உட்கார்ந்து ஊருக்குத் தொண்டு செய்துகொண்டிருந்தார்கள். தலைவர் குழந்தைவேலு. காலையில் செல்போன் ரீசார்ஜ் கடை, சாயங்காலம் சமூக சேவை. அடுத்தவர் பூவராகன். வாயைத் திறந்தால் வம்பு, மனதில் ஒன்றும் கிடையாது. மூன்றாமவர் பெஞ்சமின். பேச ஆரம்பித்தால் நிறுத்துகிற இடம் அவருக்கே தெரியாது. நான்காமவர் ரஹ்மத்துல்லா. சாவு வீட்டில்கூட சிரிப்பை அடக்க வெற்றிலையை வாயில் அடைத்துக்கொள்கிறவர்.

இவர்கள் உருவாக்கியது 'பஸ் எப்போ' என்கிற மென்பொருள். எந்த ஊருக்கு எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று செல்போனில் தட்டினால் சொல்லும். கட்டற்ற மென்பொருள். அதாவது, யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். கொடுக்கும்போது உரிமப் பத்திரத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

'உருவாக்கியது இவர்கள்' என்றேனே, அதைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். உருவாக்கியது செண்பகவல்லி. கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறவர். மற்ற நான்கு பேரும் கூட இருந்தார்கள்.

ஒரு நாள் செண்பகவல்லி எழுதிச் சேர்த்த திருத்தத்தைப் பார்த்துவிட்டு பூவராகன், "இதைவிட எங்க வீட்டு எருமை நல்லா எழுதும்" என்றார்.

செண்பகவல்லி எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "நாலு பேர் சேர்ந்து வேலை செய்யுற இடத்துல எப்படிப் பேசணும், எப்படிப் பழகணும்னு ஒரு விதி வேணும். உலகம் பூரா இந்த மாதிரிக் குழுவுல நடத்தை விதின்னு வச்சிருக்காங்க. நீங்களும் ஒண்ணு வச்சு, அதன்படி நடக்க ஆரம்பிச்சதும் கூப்பிடுங்க. வாரேன்."

படியிறங்கிப் போய்விட்டார். பூவராகனுக்கு விளங்கவே இல்லை. "நான் எருமையைப் பாராட்டினேன். இதுல இவங்களுக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டார். மற்ற மூவரும் யோசித்துப் பார்த்தார்கள். அவர்களுக்கும் விளங்கவில்லை.

அந்த வாரமே பூவராகன் எதையோ சோதித்துப் பார்க்கப் போய், எந்த ஊரைத் தட்டினாலும் 'கயத்தாறு' என்று வர ஆரம்பித்தது. மதுரை என்றால் கயத்தாறு. தூத்துக்குடி என்றால் கயத்தாறு. கயத்தாறு என்றால் மட்டும் ஒன்றும் வராது.

சங்கரன்கோவிலுக்குப் பெண் பார்க்கக் கிளம்பிய ஒரு குடும்பம் அது காட்டிய பஸ்ஸில் ஏறிக் கயத்தாறில் இறங்கியது. எந்த வீட்டு வாசலில் கோலம் பெரிதாக இருந்ததோ அந்த வீட்டுக்குள் நுழைந்தார்கள். அங்கேயும் ஒரு பெண் இருந்தது. பார்த்தார்கள், பிடித்தும் போயிற்று. சங்கரன்கோவிலில் பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது.

எல்லோருக்கும் அப்படி நல்லபடியாக முடிய வேண்டுமே! ஊர் ஜனம் ரீசார்ஜ் கடைக்கு வந்து குழந்தைவேலுவைப் பிடித்து உலுக்கியது. மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. ஊர் திட்டியதுகூடப் பரவாயில்லை. செண்பகவல்லி உட்காரும் நாற்காலியில் தினமும் மாவு ஏறுவதைப் பார்க்கத்தான் அவருக்குத் தாங்கவில்லை. தினமும் தட்டி வைப்பார். மறுநாள் மறுபடியும் ஏறியிருக்கும்.

"அக்கா வந்தாத்தான் இது சரியாகும். விதி எழுதுவோம்" என்றார்.

எழுதத் தெரியாததால் இணையத்தில் தேடினார்கள். யாரோ புண்ணியவான் தமிழிலேயே மாதிரி நடத்தை விதி ஒன்று போட்டிருந்தார். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்றும் எழுதியிருந்தார். பெஞ்சமின் உரக்கப் படித்தார்.

"'பெயரை இங்கே எழுதவும்' குழுவின் நடத்தை விதிகள்."

"நிறுத்துங்க" என்றார் குழந்தைவேலு. "அது யாரு?"

"நாமதான் போலிருக்கு. நமக்கு இத்தனை நாளா பேரே இல்லையே. அவங்களே பாத்து வச்சிருக்காங்க."

"பேரு கொஞ்சம் நீளம்" என்றார் பூவராகன்.

"நீளமா இருந்தா என்ன, அர்த்தம் நல்லாயிருக்குல்ல?" என்றார் பெஞ்சமின். அர்த்தம் நன்றாக இருப்பதாக எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

பெயர்ப்பலகை எழுத ஆள் வந்தார். "என்ன எழுதணும்?" என்று தூரிகையை நனைத்துக்கொண்டே கேட்டார்.

"பெயரை இங்கே எழுதவும்."

"சரி, எழுதுதேன். எந்தப் பேரை?"

"பெயரை இங்கே எழுதவும்."

"எங்கேன்னு தெரியுது அண்ணாச்சி. என்னன்னு சொல்லுங்க."

இப்படியே சாயங்காலம் வரை போனது. கடைசியில் அவர் எழுதிக்கொடுத்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு போனார். பலகையை மில் வாசலில் மாட்டினார்கள். மறுநாள் பார்த்தால், மாவு அரைக்க வந்தவர்கள் எல்லோரும் கரித்துண்டால் அதில் அவரவர் பெயரை எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். ஊரில் இத்தனை ஆதரவு இருக்கும் என்று குழந்தைவேலு நினைத்துப் பார்த்ததே இல்லை. அன்றைக்குத்தான் அவர் ஒரு வாய் சாப்பிட்டார்.

விதிகளை ஒவ்வொன்றாகக் கடைப்பிடிக்க ஆரம்பித்தார்கள். 'வயது, சாதி, மதம், அனுபவம் எதுவாயினும் இங்கு வரும் அனைவரையும் அன்புடன் வரவேற்போம்' என்பது முதல் விதி. கல்யாண வீட்டில் இருப்பதுபோல் பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமும் வாங்கி வாசலில் வைத்தார்கள். மீட்டர் கணக்கெடுக்க வந்தவருக்குப் பன்னீர் தெளித்தார்கள். மாவு தின்ன வந்த ஆட்டுக்குச் சந்தனம் வைத்தார்கள்.

"ஆட்டுக்குமா?" என்று கேட்டார் ரஹ்மத்துல்லா, சிரித்துக்கொண்டே.

"அனுபவம் எதுவாயினும்னு போட்டிருக்கு" என்றார் பெஞ்சமின். "ஆட்டுக்கு கம்ப்யூட்டர் அனுபவம் இல்லைங்கிறதுக்காகத் தள்ளி வைக்க முடியுமா?"

அடுத்த விதி, 'குறை சொல்வதானால் நிரலைச் சொல்க, எழுதியவரைச் சொல்லற்க' என்பது. நிரல் என்றால் கம்ப்யூட்டருக்கு எழுதும் கட்டளை. பூவராகன் நிரலைக் காகிதத்தில் அச்செடுத்து, நாற்காலியில் உட்கார வைத்து, "ஏலே அறிவுகெட்ட நிரலே" என்று தொடங்கினார்.

"மரியாதை, மரியாதை!" என்று பதறினார் குழந்தைவேலு. "கண்ணியமான மொழியில் பேசணும்னு கீழேயே இருக்கு."

பூவராகன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நிரல் ஐயா அவர்களே, தாங்கள் பதினேழாவது வரியில் கொஞ்சம் தடுமாறுகிறீர்கள் என்று தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

மின்விசிறிக் காற்றில் காகிதம் பறந்து கீழே விழுந்தது. "தப்பை ஒத்துக்கிட்டாரு" என்றார் பூவராகன். அதோடு அன்றைய வேலை முடிந்தது.

மூன்றாவது விதிதான் பெரிய விதி. 'பிறர் எது செய்தாலும் அதில் நல்லெண்ணமே இருப்பதாகக் கொள்க.'

ஒரு மதிய வேளை, கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் சத்தமில்லாமல் மாடியேறி வந்தார். உள்ளே ஆள் இருக்காது என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. நான்கு பேரும் பாய்ந்து போய்ப் பன்னீர் தெளித்து, சந்தனம் தடவி, வாங்க வாங்க என்றார்கள். அவருக்கு வியர்த்துவிட்டது. "சும்மா... பாத்துட்டுப் போலாம்னு" என்றார்.

"தாராளமாப் பாருங்க" என்றார் குழந்தைவேலு.

அவர் நான்கு பேரையும் பார்த்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். மெதுவாக வயரைக் கழற்றினார். நான்கு பேரும் ஓரமாகப் போய் நல்லெண்ணத்தைத் தேடினார்கள்.

"எதுக்குக் கழட்டுதாரு?"

"மாவு படிஞ்சிருக்குல்லா, தட்டிச் சுத்தம் பண்ணத்தான்."

"கீழே தூக்கிட்டுப் போறாரே?"

"வெளிச்சத்துல வச்சுத் தட்டினாத்தானே தெரியும்."

"சைக்கிள்ல வச்சுக் கட்டுதாரே?"

"வேகமாப் போனா காத்துல தானாப் பறந்துரும்" என்றார் பெஞ்சமின். "விவரமான ஆளு."

சைக்கிள் சாய்ந்துவிடாமல் ரஹ்மத்துல்லா பிடித்துக்கொண்டார். முடிச்சு சரியில்லை என்று பூவராகன் அவிழ்த்து இறுக்கிக் கட்டிக் கொடுத்தார். சட்டைக்காரர் ஏறி மிதித்துத் தெருக்கோடி வரை போன பிறகுதான் குழந்தைவேலு நெஞ்சில் கை வைத்தார்.

"கெட்டது குடி! 'பஸ் எப்போ' அதுக்குள்ள இருக்கு. உரிமப் பத்திரம் கொடுக்காம அனுப்பிட்டோமே!"

பத்திரத்தை எடுத்துக்கொண்டு நான்கு பேரும் ஓடினார்கள். "நில்லுங்க! விட்டுட்டுப் போறீங்க!" என்று கத்திக்கொண்டே துரத்தினார்கள். கட்டம் போட்ட சட்டைக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு இன்னும் வேகமாக மிதித்தார். சந்தை ஜனமும் என்னவோ ஏதோ என்று கூடவே ஓடியது. முச்சந்தியில் அவர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஒரு சந்துக்குள் மறைந்தார்.

மூச்சு வாங்க வந்து சேர்ந்த குழந்தைவேலு, சைக்கிளோடு பத்திரமாகக் கிடந்த கம்ப்யூட்டரைப் பார்த்தார். கண்ணில் நீர் முட்டியது.

"பாத்தீங்களா? உரிமம் இல்லாமக் கொண்டுபோக அவருக்கு மனசு வரல. எப்பேர்ப்பட்ட மனுசன்!"

அன்றைக்கே செண்பகவல்லிக்குச் செய்தி அனுப்பினார். விதிகள் வந்தாயிற்று, அதன்படிதான் நடக்கிறோம், திருடனே வந்தாலும்கூட இங்கே நேர்மையாகிவிடுவான் என்று எழுதினார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து பார்க்கிறேன் என்று பதில் வந்தது. குழந்தைவேலு அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். போய் நாற்காலியைத் தட்டி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வரவேற்புரைக்கு ஒத்திகை. விருந்தாளி வரும் இடம் மணக்கட்டும் என்று தரையில் சாம்பிராணித் தட்டு வைத்திருந்தார்கள். பெஞ்சமின் அதற்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டியில் நின்று பேச ஆரம்பித்தார். மற்றவர்கள் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் 'ஒருவர் பேசும்போது குறுக்கே பேசலாகாது, கையை உயர்த்தி அனுமதி பெறுக' என்று விதி இருந்தது.

பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது வேட்டி நுனி தட்டில் பட்டுப் புகைய ஆரம்பித்தது.

குழந்தைவேலு கையைத் தூக்கினார்.

"கேள்வி எல்லாம் கடைசியில" என்றார் பெஞ்சமின்.

ரஹ்மத்துல்லா இரண்டு கையையும் தூக்கினார். பூவராகன் நாற்காலி மேல் ஏறி நின்று தூக்கினார்.

"இத்தனை கைகள் உயர்ந்து என்னை ஆதரிப்பதைப் பார்க்கும்போது," என்று பெஞ்சமினுக்குக் குரல் தழுதழுத்தது, "என் உடம்பே சூடாகிறது."

நெருப்பு முழங்கால் வரை வந்துவிட்டது. "சாம்பிராணி அருமையான சாம்பிராணி. எந்தக் கடை?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மேலே பேசினார்.

பூவராகனால் பொறுக்க முடியவில்லை. மூலையில் இருந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கி அப்படியே பெஞ்சமின் தலையில் கவிழ்த்தார். நெருப்பு அணைந்தது. ஆனால் அறை முழுக்க மாவு இருந்ததா, அத்தனையும் தண்ணீரோடு சேர்ந்து, பெஞ்சமின் சப்பாத்திக்குப் பிசைந்த பதத்தில் நின்றார். உடம்பில் ஒரு கொப்புளம் இல்லை. இடுப்புக்குக் கீழே வேட்டியும் இல்லை. அரைக்கால் டவுசர்தான் மிச்சம்.

ரஹ்மத்துல்லா விழுந்து புரண்டு சிரித்தார்.

குழந்தைவேலு விதித்தாளை எடுத்தார். மனசு வரவில்லை. இருந்தாலும் தலைவர் என்றால் கடமை இருக்கிறதே.

"பூவராகன், பெஞ்சமின்கிட்ட சம்மதம் கேட்காம அவர் மேல தண்ணி ஊத்தியிருக்கீங்க."

"கேட்டிருக்கலாம்தான். அவருதான் பேசிக்கிட்டே இருந்தாரு."

"தற்காலிக விலக்கு. வெளியே போங்க."

பூவராகன் தலைகுனிந்து படியிறங்கினார்.

"ரஹ்மத்துல்லா, அடுத்தவர் கஷ்டத்தைப் பாத்துச் சிரிச்சிருக்கீங்க."

ரஹ்மத்துல்லா சிரித்துக்கொண்டே தீர்ப்பை ஏற்று, சிரித்துக்கொண்டே போனார்.

"பெஞ்சமின், பொது இடத்துல கண்ணியமான உடையில இருக்கணும்."

"நான் கண்ணியமாத்தான் வந்தேன் அண்ணாச்சி. உடைதான் முன்னாடியே போயிருச்சு."

அவரும் போனார். குழந்தைவேலு தனியாக நின்றார். விதித்தாளின் கடைசி வரி கண்ணில் பட்டது. 'தவறு நடப்பதைக் கண்டும் வாளாவிருப்பவரும் தவறு செய்தவரே.' வேட்டி எரிவதை அவர் முழுசாகப் பார்த்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து நின்று, தன்னைத்தானே விசாரித்தார். மன்னிப்புக் கேட்டார். மன்னிக்க முடியாது என்று சொன்னார். தன்னையும் விலக்கிக்கொண்டு வெளியே வந்து பூட்டினார். உறுப்பினர் இல்லாதவரிடம் சாவி இருக்கக் கூடாதல்லவா? கதவுக்கு அடியில் சாவியை உள்ளே தள்ளிவிட்டார்.

செண்பகவல்லி வந்தபோது நான்கு பேரும் மில் வாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சமின் ஒரு கோதுமைச் சாக்கை இடுப்பில் சுற்றியிருந்தார்.

"என்ன இது? ஏன் வெளியே இருக்கீங்க?"

"எங்களை விலக்கிட்டாங்க அக்கா" என்றார் குழந்தைவேலு.

"யாரு?"

"நாங்கதான்."

"அப்ப நீங்களே திரும்பச் சேத்துக்கிட வேண்டியதுதானே?"

"சேத்துக்கிட உறுப்பினர் யாராவது வேணும். ஒருத்தரும் இல்லையே." சொல்லும்போதே குழந்தைவேலுவுக்கு அழுகை வந்துவிட்டது. "எல்லாம் முடிஞ்சு போச்சுக்கா."

செண்பகவல்லி நெற்றியைத் தடவிக்கொண்டார். "நான் வராம இருந்தேனே தவிர விலகலை. நான் உறுப்பினர்தான். உங்க நாலு பேரையும் சேத்துக்கிடுதேன். எந்திரிங்க."

எழுந்தார்கள். மில்காரரிடம் இன்னொரு சாவி வாங்கித் திறந்தார்கள். பூவராகன் தயங்கித் தயங்கி முன்னால் வந்தார். "அக்கா, அன்னைக்கு எருமையை வச்சுப் பேசினது தப்பு. அதுக்கு எழுதவே தெரியாது. அன்னைக்குச் சொன்னது பொய்."

"சரி, விடுங்க" என்றார் செண்பகவல்லி. சிரிப்பை அடக்கினாரா, வேறு எதையாவது அடக்கினாரா என்று தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். அதில் மட்டும் மாவே இல்லை என்பதைப் பார்த்துவிட்டு, ஒரு நிமிஷம் குழந்தைவேலுவைப் பார்த்தார். குழந்தைவேலு மின்விசிறியைப் பார்த்தார்.

கொஞ்ச நேரம் விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "அட, எல்லா ஊருக்கும் கயத்தாறுன்னு இங்க எழுதியிருக்கு. எந்த முட்டாள் இதை இங்க கொண்டுவந்து வச்சது?" என்று சொல்லிக்கொண்டே அந்த வரியை அழித்தார். மதுரையைத் தட்டினார். மதுரை வந்தது. தூத்துக்குடி வந்தது. ஊர் பிழைத்தது.

யாரும் கைதட்டவில்லை. நான்கு பேரும் சுவரோடு சுவராக ஒதுங்கி நின்றார்கள்.

"அண்ணாச்சி," என்று கிசுகிசுத்தார் பெஞ்சமின், "நிரலைச் சொல்லலாம். எழுதினவரைச் சொல்லக் கூடாது. 'முட்டாள்'னு ஒரு சொல் வந்துச்சு."

"எனக்கும் கேட்டுச்சு" என்றார் பூவராகன். "ஆனா எனக்கு வருத்தம் இல்ல. யாரைச் சொன்னாங்கன்னே எனக்குத் தெரியல."

குழந்தைவேலு விதித்தாளைக் கையில் எடுத்தார். இத்தனை பாடுபட்டு வரவழைத்த அக்கா. இப்போது கேட்டால் திரும்பவும் பையை மாட்டிக்கொண்டு போய்விடுவார். கேட்காவிட்டாலோ, விதி வேண்டும் என்று சொன்னதே அந்த அக்காதான். மூலைக்குப் போய்த் தாளைப் பார்த்துப் பார்த்து ஒரு எச்சரிக்கை எழுதினார். சொல்லில் வந்த தவறுக்கு எச்சரிக்கைதான். 'தனிப்பட்ட முறையில், பெயர் வெளியே தெரியாதபடி' கொடுக்க வேண்டும்.

மடித்து மேசையில் வைத்தார். "அக்கா, இது தனிப்பட்ட முறையில. நாங்க வெளியே இருக்கோம்."

நான்கு பேரும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

"படிச்சாச்சா அக்கா?" என்று வெளியிலிருந்து கத்தினார் குழந்தைவேலு.

"படிச்சாச்சு."

"பக்கத்துல யாரும் இல்லையே?"

"யாரும் இல்ல. ஆமா, இது யாருக்குன்னு போடலையே?"

"பேரு வெளியே தெரியக் கூடாதுல்லா? அதான் போடல. நானே யாரையும் நினைக்காமத்தான் எழுதினேன்."

"அப்ப யாருக்கு?" என்று குரல் வந்தது.

நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. முகம் தெரியாத அந்த ஆளை நினைத்து அவர்களுக்கு மனம் கனத்தது. ரஹ்மத்துல்லாகூடச் சிரிப்பதை நிறுத்திவிட்டார். பெஞ்சமினுக்குப் பேச்சே வரவில்லை.

"யாரா இருந்தாலும் பாவம்க்கா" என்று கதவோடு வாயை வைத்துச் சொன்னார் குழந்தைவேலு. "நாங்க போய்ப் பேசினா சங்கடப்படுவாங்க. நீங்க பெரிய மனசு பண்ணி, அவங்களைப் பாத்து நாலு வார்த்தை ஆறுதலாச் சொல்லுங்க."

"சொல்லுதேன்" என்றார் செண்பகவல்லி உள்ளேயிருந்து.